தத்துவ போதகருக்குக் கற்பித்தவர்

குருப்பட்ட வெள்ளி விழாக்களில் ஆயருக்கும் பெற்றோருக்கும் நன்றி கூறத் தவறுவதில்லை. மக்களின் மொழியைக் கற்பித்தவரை நினைப்போர் அரியர்.

1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த சேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி அடிகளாரைத் 'தத்துவ போதகர்' என்று போற்றுகிறோம். அப்போதகருக்கே போதித்தவர் ஒருவர் உண்டு. சிவதருமர் என்னும் தெலுங்கு அந்தணர் அவருக்கு வடமொழி கற்பித்து, வேத நூல்களையும் அறிமுகம் செய்தார். அந்நியருக்கு வேதம் ஓதுவிப்பது அந்நாளில் பெருங்குற்றம். ஆபத்தை அறிந்தே கற்பித்தார். பின்னர் ஞானஸ்நானமும் பெற்றார். ஆயினும் கற்பிக்கத் தொடங்கிய நாளில் அவர் கிறிஸ்தவர் அல்லர் என்பதை நாம் மறக்கலாகாது.

அடிகளாரின் காவியுடையையும் பணிமுறையையும் சபைக்குள்ளேயே பலர் எதிர்த்தனர். கொடுங்கல்லூர்ப் பேராயர் ரோஸ் ஆண்டகையோ அவருக்குத் துணை நின்றார். ஆண்டகை தாமே சிரியாக்கும் மலையாளமும் கற்றவரல்லவா! 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அடிகளாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

தமிழும் தெலுங்கும் கலந்தொலிக்கும் எளாவூருக்கு இளங்குருவாக வந்த எனக்குத் தெலுங்கு கற்பித்தவர், தேநீர்க் கடை நடத்திய ஒரு முதியவர். நம் சபையினர் அல்லர். நோயாளியிடம் நோயைப் பற்றிக் கேட்குமுன், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லித் தந்தார். குருமடத்தில் நான் பயின்ற நூல்களில் அது இல்லை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்த வடநாட்டு இளைஞர் ஒருவரிடம் இப்போது இந்தி கற்கிறேன். ஐம்பதைக் கடந்த மாணவன் என்பதில் அவருக்குச் சற்றே சிரிப்பு.