நகை நான்கும் சித்திரத் தொடர்களும்

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்பது தொல்காப்பியர் துணிபு. அவற்றுள் எள்ளல், தான் பிறரை எள்ளி நகுதலும் பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதலும் என இருவகைப்படும் என்பர் பேராசிரியர். இப்பகுப்புப் பழைய செய்யுட்கே உரியதா, இன்றைய தொலைக்காட்சி நகைச்சுவைக்கும் பொருந்துவதா என்பது ஆராயத்தக்கது. கார்ட்டூன் என வழங்கும் சித்திரத் தொடர்களுள் வயது வந்தோர்க்கென இயற்றப்பட்ட சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றின்பாற் செல்லும் சுவைஞர் உள்ளத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சித்திரத் தொடர் சிறுவர்க்கே உரியது என்னும் எண்ணம் முற்றும் பொருந்தாது. அமெரிக்க நாட்டில் 1960 முதல் 1966 வரை ‘பிளின்ட்ஸ்டோன்ஸ்’ என்னும் தொடர், குடும்பத்தார் அனைவரும் கூடியிருக்கும் இரவு நேரத்தில் ஒளிபரப்பாயிற்று. 1989 டிசம்பரில் மேட் குரோனிங் படைத்த ‘சிம்ப்சன்ஸ்’ தனித்தொடராகத் தொடங்கியது. ‘கிங் ஆஃப் தி ஹில்’, ‘சவுத் பார்க்’ ஆகிய இரண்டும் 1997-இல் தோன்றின. இன்று குமணன்சாவடி போன்ற சென்னைப் புறநகரில் இருப்பார் ஒருவரும் இவற்றைக் கைப்பேசியிலேயே காண இயலும். அத்தகைய சுவைஞர் ஒருவர் ஒரு தொடரை விரும்பி மற்றொன்றைத் தள்ளுவராயின், அதற்குக் காரணம் யாது?

நகையின் நிலைக்களன் வேறுபாடே காரணம் என்பது எம் கருத்து. ‘சவுத் பார்க்’ தொடரில் பள்ளிச் சிறுவர் நால்வர் பெரியோர் உலகின் பொய்ம்மையைத் தம் வாயாற் பேசுகின்றனர். ஈண்டு நகை இளமை பற்றியது. மேடைக் கலையில் இளம் நடிகர் வளர்ந்துவிடுவர். சித்திரத்திலோ பத்து வயதுச் சிறுவனாகிய பார்ட் சிம்ப்சன் பல்லாண்டு கழிந்தும் பத்து வயதினனே. ஆதலின் இளமை பற்றிய நகைக்குச் சித்திரம் வற்றாத இடமாகின்றது. அவன் தந்தை ஹோமர், அணுமின் நிலையத்தின் பாதுகாப்புப் பணியிலிருந்தும் அறிவின்மையே உருவானவர்; அது பேதைமை. ‘கிங் ஆஃப் தி ஹில்’ தொடரின் தலைவரான ஹேங்க் ஹில் பேதையல்லர். எரிவாயு விற்கும் அவர், தாம் கற்ற ஒழுக்கத்தை உலகம் மாறியபின்னும் நெகிழவிடாதவர். கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை என்று உரையாளர் மடனுக்குக் கூறும் இலக்கணம் இவர்க்கு முற்றும் பொருந்தும். பேதைமையும் மடனும் ஒன்றே போலத் தோன்றினும் வேறு என்பதற்கு இவ்விருவரினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

நகை வேறொரு மெய்ப்பாட்டோடு கலத்தலும் உண்டு. 2014 முதல் 2020 வரை வெளிவந்த ‘போஜாக் ஹார்ஸ்மேன்’ தொடரின் தலைவன் குதிரைத் தலையுடைய, புகழ் மங்கிய நடிகன். அவனைக் கண்டு முதலில் நகுவோம். பின்னர் அவன் மூப்பும் வருத்தமும் இளிவரலைத் தோற்றுவிக்கும். இக்கலப்பை விரும்பாதார் அத்தொடரையும் விரும்பார்.

இனி, மிகவும் ஆராய்தற்குரியது எள்ளல். ‘சிம்ப்சன்ஸ்’ தொடரில் 1990-இல் தோன்றிய அப்பு என்னும் இந்தியக் கடைக்காரர்க்குக் குரல் கொடுத்தவர் இந்தியரல்லாத ஹேங்க் அசாரியா. அமெரிக்காவில் வளர்ந்த இந்திய மரபினராகிய ஹரி கொண்டபோலு, அத்தொடரின் சுவைஞராகவே இருந்தும், அப்புவின் பேச்சுமுறை தம்மவரைப் பிறர் இழித்துரைக்கக் கருவியாயிற்று என 2017-இல் ஓர் ஆவணப்படத்தில் எடுத்துரைத்தார். 2020-இல் அசாரியா அக்குரலை விட்டொழிந்தார். தான் நயந்த கலையே தன்னை எள்ளுமாயின் சுவைஞர் என் செய்வது? பேராசிரியர் வகுத்த இரண்டாம் வகை ஈண்டுத் துணையாகின்றது. எள்ளப்பட்டவரும் உடன்நகும்போதே எள்ளல் நகையாக நிறைவுறும்; அவர் நகாதவழி அது ஒருபாற்பட்டு வசையாகும்.

இதனைத் தொண்டைமண்டலத் தெருக்கூத்து நன்கு உணர்ந்திருந்தது. கட்டியக்காரன் அரசனையும் எள்ளுவான், அவையையும் எள்ளுவான், தன்னையும் எள்ளிக்கொள்வான். எள்ளப்படும் ஊரார் அவன் எதிரிலேயே அமர்ந்திருப்பர். எல்லை கடந்தால் உடனே உணர்த்துவர். தோற்பாவைக் கூத்தின் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இம்மரபினரே. தோலில் வரைந்த உருவங்களைக் கொண்டு வயது வந்தோரையும் நகுவித்த அக்கூத்து, இன்றைய சித்திரத் தொடர்க்கு நம்மிடையுள்ள நெருங்கிய உறவாகும். தொலைக்காட்சியிலோ எள்ளுவோர் ஓரிடத்தும் எள்ளப்படுவோர் வேறிடத்தும் உளர். அதனால் அப்புவைப் பற்றிய குறை பரவலாகக் கேட்கப்பட இருபத்தேழு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

ஆகவே, சுவைஞரின் விருப்பு வெறுப்பு வெறும் மனம்போன போக்கன்று. நகையின் நிலைக்களன் பற்றி எழுவது. எள்ளலை அளக்குங்கால், நகுவார் யார் என்பதனோடு உடன்நகுவார் யார் என்பதனையும் வினவுதல் வேண்டும். மெய்ப்பாட்டியலைச் செய்யுளுக்கு மட்டும் உரியதாக ஒதுக்காது இக்காலக் கலைகளுக்கும் உரைகல்லாகக் கொள்ளுதல் ஆய்வு மாணவர் கடனாகும்.