நம் ஊருக்கு வரும் மருத்துவ மாணவர்

சில ஆண்டுகளாக, மருத்துவக் கல்லூரிகளை அடுத்துள்ள ஊராட்சிகள் பலவற்றில் ஒரு புதிய காட்சியைக் காண்கிறோம். வெண்ணிற மேலங்கி அணிந்த மாணவரும் மாணவியரும் பேருந்திலிருந்து இறங்கி, மூவர் நால்வராகத் தெருக்களுள் பிரிந்து செல்கின்றனர். திண்ணையில் அமர்ந்து, வீட்டிலுள்ளோரின் வயது, தொழில், உணவு முதலியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றனர். எடை பார்க்கின்றனர், இரத்த அழுத்தம் அளக்கின்றனர். சில மாதங்கள் கழித்து மீண்டும் அதே வீட்டிற்கு வருகின்றனர். இவர்கள் யார்? மருந்து கொடுப்பார்களா? அல்லது நம்மை வைத்துத் தொழில் பழகுகிறார்களா? இத்தகைய வினாக்கள் ஊரார் உள்ளத்தில் எழுவது இயல்பே. ஊராட்சி உறுப்பினர்கள் இவற்றிற்கு விடை கூறக்கூடியவர்களாக இருத்தல் வேண்டும்.

இவர்களை நம்மிடம் அனுப்புவது குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் என்னும் ஏற்பாடாகும். தேசிய மருத்துவ ஆணையம் 2021-22 ஆம் ஆண்டில் சேர்ந்த மாணவர் முதலாக எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் இதனைச் சேர்த்துள்ளது. ஒவ்வொரு மாணவரிடமும் கிராமத்துக் குடும்பங்கள் சில ஒப்படைக்கப்படும். முதலாண்டிலேயே அவற்றைச் சந்தித்துப் பழகி, அடுத்துவரும் ஆண்டுகளிலும் அதே குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனித்து வருதல் வேண்டும். ‘தத்தெடுப்பு’ என்ற சொல் நமக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பதினெட்டு வயது மாணவி ஒருத்தி, அறுபது வயது உழவரின் குடும்பத்தைத் தத்தெடுத்தாள் என்பது சற்று வேடிக்கையாகவே இருக்கிறது. மெய்யாகப் பார்த்தால் அக்குடும்பமன்றோ அவளைத் தன் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொள்கிறது!

மருத்துவ மாணவர் கிராமத்தில் பயில வேண்டும் என்னும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. சென்னையில் 1835-ஆம் ஆண்டில் மருத்துவப் பள்ளி தொடங்கிய காலந்தொட்டு, பெரிய மருத்துவமனையின் படுக்கையருகே நின்று பயில்வதே மருத்துவக் கல்வியின் முறையாக இருந்து வந்தது. அது நல்ல முறையே. ஆயினும் படுக்கைக்கு வந்து சேர்ந்த நோயாளியை மட்டும் காண்பவர், நோய் பிறந்த இடத்தைக் காண்பதில்லை. 1943-இல் சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு, 1946-இல் அளித்த அறிக்கையில் இக்குறையைச் சுட்டிக்காட்டியது. ஒவ்வொரு மருத்துவரும் நோய்த்தடுப்பிலும் சமூக மருத்துவத்திலும் மூன்று மாதப் பயிற்சி பெற்றாக வேண்டுமென்று அது பரிந்துரைத்தது. அக்குழுவில் நம் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரும் ஓர் உறுப்பினராக இருந்தார். பின்னர் 1959-இல் அமைந்த சுகாதார ஆய்வுக் குழுவிற்கு அவரே தலைவரானார்.

எண்ணம் நல்லதாயிருந்தும் செயல் மெல்லவே நடந்தது. மருத்துவக் கல்லூரிகள் கிராமங்களை மறந்துவிட்டன என்று 1975-இல் ஸ்ரீவாஸ்தவா குழு எடுத்துக் கூறிற்று. அதன் பயனாக 1977-இல், ஒவ்வொரு கல்லூரியும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் மூன்றினை இணைத்துக்கொண்டு மாணவருக்குப் பயிற்சி அளிக்கும் திட்டம் வந்தது. தொடக்கத்தில் இருந்த ஊக்கம் பல இடங்களில் நாளடைவில் தளர்ந்துபோயிற்று. அதே 1977-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி கே. வி. குப்பம் வட்டாரத்தில் தனியொரு கிராம நல நிலையத்தை நிறுவியது. ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய அந்நிறுவனத்திற்கு, கிராமச் சாலையோரங்களில் வண்டியை நிறுத்தி மருத்துவம் பார்த்த பழக்கம் முன்பே உண்டு.

கிராமத்தைக் கண்டறியாத மருத்துவருக்கு என்ன குறை நேரும் என்று சிலர் கேட்கலாம். இதற்குக் கட்டுவிரியன் கடியை எடுத்துக்கொள்வோம். இப்பாம்பு பெரும்பாலும் இரவில் நடமாடுவது. தரையில் பாய் விரித்தோ களத்துமேட்டிலோ உறங்குபவரை உறக்கத்திலேயே கடித்துவிடும். கடித்த இடத்தில் வீக்கமிராது. வலியும் மிகக் குறைவு. பல்பட்ட தடம் கண்ணுக்குப் புலப்படாமலே இருப்பதுண்டு. விடியற்காலையில் கடிபட்டவர் வயிற்றுவலி என்று எழுவார். சற்று நேரத்தில் கண்ணிமைகள் தாமாகச் சரியும், பேச்சுக் குழறும், எச்சில் விழுங்க முடியாது. அடுத்துச் சுவாசத் தசைகளும் செயலற்றுப் போகும். பாம்பு என்ற சொல்லை நோயாளி சொல்லவே மாட்டார், அவருக்கே தெரியாதாகையால். மாடிக் கட்டிலில் உறங்கி வளர்ந்த இளம் மருத்துவர், வயிற்றுவலிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டால் ஓர் உயிர் போய்விடும். “நேற்றிரவு எங்கே படுத்திருந்தீர்கள்?” என்ற ஒரு வினா அவ்வுயிரைக் காக்கும். இவ்வினா புத்தகத்திலும் இருக்கிறது. எனினும், நெல் மூட்டைகளின் இடையே பாய் விரித்து உறங்கும் குடும்பத்தை ஒருமுறை கண்ணாரக் கண்ட மாணவருக்கே அது தக்க வேளையில் நாவில் வந்து நிற்கும்.

உண்ணிக் காய்ச்சலும் இத்தகையதே. புதர்க்காட்டிலும் வரப்புப் புல்லிலும் வாழும் மிகச் சிறிய பூச்சியின் குஞ்சுகள் கடிப்பதால் இது வருகிறது. ஆடு மேய்ப்போர், விறகு பொறுக்குவோர், புல்லறுப்போர் ஆகியோரை இது மிகுதியாகப் பற்றும். கடித்த இடத்தில், சுருட்டு நெருப்பால் சுட்டாற்போலக் கருநிறப் பொருக்கு ஒன்று தோன்றும். அது வலிக்காது, அக்குளிலோ, இடுப்பிலோ, தொடையிடுக்கிலோ மறைந்திருக்கும். அதனைத் தேடிப் பார்க்கும் பழக்கமுள்ள மருத்துவர், டாக்சிசைக்கிளின் என்னும் விலை குறைந்த மருந்தாலேயே நோயைத் தீர்த்துவிடுவார். தேடாதவர் வெறும் காய்ச்சல் என்று நாட்களைக் கடத்துவார். அதற்குள் நுரையீரலும் சிறுநீரகமும் கெடும். அந்தப் பொருக்கைத் தேடுவதற்கு நோயாளியின் உடையை நெகிழ்த்திப் பார்க்க வேண்டும். நம் பெண்களிடம் அதனைக் கூச்சமுண்டாகாமல், காரணத்தைச் சொல்லி, இசைவு பெற்றுச் செய்வது எப்படி என்பதும் ஒரு பயிற்சியே. 2019-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில், நோயாளியிடம் பேசும் முறைக்கும் ஒழுக்கநெறிக்கும் தனிப்பாடங்கள் வைத்துள்ளனர். பல தலைமுறைகள் முன்பே வைத்திருக்க வேண்டிய பாடம் அது.

இரத்தசோகைக்கு வருவோம். மருத்துவமனையில் சோகையுற்ற பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பர். மறுமுறை வரும்போது குணமில்லையெனில், மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லை என்று கடிந்துகொள்வர். வீட்டிற்கே செல்லும் மாணவியோ அம்மாத்திரைகள் மாடத்தில் பிரிக்காமல் கிடப்பதைக் காண்கிறாள். காரணத்தை மெல்ல விசாரிக்கிறாள். மாத்திரை விழுங்கியதும் வயிறு புரட்டுகிறது. மலம் கறுத்துப் போவதால் அச்சம். தேநீரோடு சேர்த்து விழுங்குவதால் சத்து உடம்பில் ஒட்டுவதுமில்லை. எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவள் அவள் என்பதும் அப்போதுதான் தெரியவருகிறது. இதனை அறிந்த மாணவி, பிற்காலத்தில் எந்த ஊரில் மருத்துவராக அமர்ந்தாலும், கடிந்துகொள்ளும் முன் ஒரு வார்த்தை கேட்பாள்.

இனி, நம்மை வைத்துத் தொழில் பழகுகிறார்களா என்ற அச்சத்திற்கு வருவோம். மருத்துவம் மனிதரிடமிருந்தே கற்கப்படுவது, இதனை மறைப்பதற்கில்லை. முற்காலத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு மறுமுறை தாமே செய்வது வழக்கம். முதல் ஊசியை ஏதோ ஓர் ஏழையின் கையே தாங்கியது. இப்பொழுது கல்லூரிகளில் பொம்மை உடல்கள் கொண்ட பயிற்சிக்கூடம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஊசி போடுதல், நின்றுபோன இதயத்தை அழுத்தி இயக்குதல், பிரசவம் பார்த்தல் ஆகியவற்றை முதலில் பொம்மையிலேயே பழக வேண்டும்.

நம்மிடம் வருவோர் மூவகையினர் என்பதை ஊரார்க்குத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. நாலரை ஆண்டுப் படிப்பிலுள்ள மாணவர் முதல்வகை. இவர் தாமாக மருந்து எழுதவோ சிகிச்சை செய்யவோ கூடாது. ஆசிரியரின் மேற்பார்வையிலேயே எதனையும் செய்வார். அடுத்தவர், படிப்பை முடித்து ஓராண்டுப் பயிற்சியிலிருக்கும் ஹவுஸ் சர்ஜன். இவருக்குத் தற்காலிகப் பதிவு உண்டு. அவ்வோராண்டில் பன்னிரண்டு வாரங்கள் சமூக மருத்துவப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. மூன்றாமவர், முழுத் தகுதியும் பதிவும் பெற்ற பின் மேற்படிப்புப் பயிலும் மருத்துவர். ‘பி.ஜி. டாக்டர்’ என்று மருத்துவமனைகளில் சொல்லக் கேட்டிருப்போம்.

இம்மூன்றாம் வகையினர்க்கும் புதியதொரு விதி வந்துள்ளது. 2021-இல் சேர்ந்தோர் முதலாக, மூன்றாண்டு மேற்படிப்பில் மூன்று மாதங்களை மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனையில் கழிக்க வேண்டும். இதனால் மாவட்ட மருத்துவமனைக்கு ஆள் பலம் கிடைக்கிறது. பயில்வோருக்கோ, எல்லாக் கருவிகளும் இல்லாத இடத்தில் அறிவைக்கொண்டு முடிவெடுக்கும் பழக்கம் ஏற்படுகிறது. தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் ஒரே நாளில் பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அரியலூர், கள்ளக்குறிச்சி, இராமநாதபுரம், நாகப்பட்டினம் போன்ற மாவட்டங்களுக்கும் கல்லூரி வந்துவிட்டமையால், பயிற்சிக்கும் கிராமத்திற்கும் இடையிலிருந்த தொலைவு குறைந்திருக்கிறது.

மேற்படிப்பு மருத்துவரின் உழைப்பைப் பற்றியும் ஒரு சொல். பகலும் இரவும் இடைவிடாது பணியாற்றி, மறுநாளும் ஓய்வின்றி வார்டில் நிற்பவர் இவர்களுள் பலர். தொடர்ந்து 12 மணி நேரத்திற்கு மேலும், வாரத்தில் 48 மணி நேரத்திற்கு மேலும் பணி பொதுவாகக் கூடாதென்று மத்திய அரசு 1992-லேயே வழிகாட்டிற்று. நடைமுறை வேறாகவே இருந்து வருகிறது. நுகத்தடியிலிருந்து அவிழ்க்காத மாடு நேராக உழாது என்பது உழவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மருத்துவமனையில் இளம் மருத்துவர் சற்றுக் கடுகடுத்தால், அவர் கடைசியாக எப்போது உறங்கினார் என்பதையும் நினைத்துக்கொள்வோமாக. கைநீட்டுவது எந்நிலையிலும் தகாது, சட்டப்படி குற்றமுமாகும்.

திட்டம் நல்லதாயினும், அது கையெழுத்துக்காக மட்டும் நடக்கும் நிலை எங்கும் வரக்கூடும் என்பதை நாம் மறக்கலாகாது. மூன்றுமுறை வந்து மூன்றுமுறையும் இரத்த அழுத்தம் அளந்து எழுதிக்கொண்டு, ‘மிகுதியாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிப் போனால், அந்த வீட்டார்க்கு என்ன பயன்? மாணவர் மருந்து எழுத இயலாதாகையால், அவர் கண்டறிந்தது ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்க்கும் கிராம சுகாதாரச் செவிலியர்க்கும் அன்றே போய்ச் சேர வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கான மருந்துகள் வீட்டிற்கே வருகின்றன. மாணவர் கண்டறிந்தவரை அப்பட்டியலில் சேர்க்கும் பொறுப்பு யாருடையது என்பதை, முதல் வருகைக்கு முன்பே கல்லூரியிடம் கேட்டுத் தெளிவு பெறுவது ஊராட்சியின் உரிமையாகும். இக்கேள்விக்கு விடையில்லையெனில் வருகையைத் தள்ளிவைக்கச் சொல்வதிலும் தவறில்லை.

வருகைக்கான நாளும் நேரமும் கல்லூரிப் பேருந்தின் வசதியை மட்டும் பொறுத்திருத்தல் ஆகாது. நடவுக் காலத்தில் முற்பகல் பதினொரு மணிக்கு வந்தால் முதியவரையும் கைக்குழந்தையையும் தவிர வீட்டில் யாரிருப்பர்? மாலைநேரமோ ஞாயிறோ ஏற்றதென்று சொல்லலாம். எந்த வீட்டாரையும் வற்புறுத்தலாகாது. மறுப்பவர்க்கு மருத்துவமனையில் கிடைக்கும் சிகிச்சை எவ்விதத்திலும் குறையாதென்பதையும் எடுத்துரைக்க வேண்டும். மாணவர் வீட்டிற்குள் பேசும்போது வார்டு உறுப்பினர் வாயிலில் நிற்பது மரியாதை என்று சிலர் கருதுகின்றனர். அது வேண்டாம். காசநோய், கருச்சிதைவு, குடிப்பழக்கம் போன்றவற்றைப் பக்கத்தில் ஊர்ப்பெரியவர் நிற்கையில் யார் வாய்திறந்து சொல்வர்? மாணவியர் பயன்படுத்தத் தூய்மையான கழிப்பிடம் ஒன்றைக் காட்டி உதவுவது அதனினும் பெரிய மரியாதை. எல்லாத் தெருக்களுக்கும் அவர்கள் செல்லுமாறு பார்த்துக்கொள்வதும் முக்கியம். சாலையோர வீடுகளோடு நின்றுவிட்டால், மிகுதியும் நோயுறும் தெருவைக் காணாமலே ஊரைக் கண்டதாகிவிடும்.

வீடுகளோடு மேல்நிலைத் தொட்டி, குளோரின் கலக்கும் பதிவேடு, சாக்கடை தேங்குமிடம், பூச்சிமருந்து தெளிக்கும் வயல் ஆகியவற்றையும் காட்டலாம். தெளிக்கும்போது முகத்தில் துணியாவது கட்டுகிறோமா, காலி டப்பாவை என்ன செய்கிறோம் என்பதை நேரில் கண்டவர்க்கு, மயங்கி வரும் உழவரின் சுருங்கிய கண்மணியும் ஒழுகும் எச்சிலும் எதைக் காட்டுகின்றன என்பது உடனே விளங்கும்.

ஆண்டு முடிவில், பெயர்களை நீக்கிய அறிக்கை ஒன்றினைக் கல்லூரியிடம் கேட்டுப் பெற்று, கிராம சபையில் வைக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் ஒன்றில், இயன்றால் மாணவர் ஒருவரே வந்து அதனைப் படிக்கட்டும். எத்தனை பேருக்குச் சோகை, எத்தனை பேருக்கு நீரிழிவு, எந்தத் தெருவில் வயிற்றுப்போக்கு மிகுதி என்பது தெரிந்தால், குழாயை எங்கே முதலில் சீர்செய்வது என்ற முடிவும் எளிதாகும்.

மாணவர் இதுவரை வராத ஊராட்சிகள், அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறைத் தலைவருக்கு எழுதலாம். ஊரின் மக்கள்தொகை, குடும்பங்களின் எண்ணிக்கை, கல்லூரியிலிருந்து உள்ள தொலைவு, ஏற்ற நாட்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கும் ஒரு படி அனுப்புதல் நலம்.