பாரிஸ் மலையிற் செம்பு தேடல்

வேல்ஸ் நாட்டைச் சார்ந்த ஆங்கில்சித் தீவின் வடபால் அம்லுக் என்னும் சிறு துறைமுக ஊர் உளது. அதன் அருகே நிற்பது பாரிஸ் மலை. பெயரைக் கேட்டுப் பிரெஞ்சு நாட்டுத் தலைநகரை நினைத்தல் வேண்டா. இது 150 மீட்டர் உயரமும் இல்லாத குன்று. செம்மையும் மஞ்சளும் ஊதாவும் கலந்த மண்ணையும், நடுவே வாய்பிளந்து கிடக்கும் பெரும் பள்ளத்தையும் உடையது. புல்லும் முளைக்கத் தயங்கும் இந்நிலத்தை மக்கள் நாடியது செம்பின் பொருட்டே.

ஏறத்தாழ 4,000 ஆண்டுகட்கு முன்னரே இங்கு மாந்தர் கற்சுத்திகளாற் பாறையை உடைத்துச் செம்பு எடுத்தனர். பின்னர் நெடுங்காலம் மலை மறக்கப்பட்டுக் கிடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு நிறுவனத்தார் மீண்டும் தேடினர். பல ஆண்டுகள் பொருளை இழந்து, பணியை நிறுத்தவும் துணிந்தனர். அந்நிலையில் 1768ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2ஆம் நாள் செழுமையான செம்புக் கனி வெளிப்பட்டது. அதனைக் கண்ட ரோலண்டு பூ என்னும் தொழிலாளிக்கு ஒரு புட்டி பிராந்தியும், வாழ்நாள் முழுதும் வாடகையின்றிக் குடியிருக்க வீடும் பரிசாகக் கிடைத்தன என்பர்.

அதன்பின் இம்மலை உலகிற் பெரிய செம்புச் சுரங்கமாக விளங்கியது. ஆடவர் வெடிமருந்தாற் பாறையைப் பிளந்தனர். பெண்டிர் சுத்தியலால் அதனைச் சிறு துண்டுகளாக்கிக் கனியைப் பிரித்தனர். மரக்கலங்களின் அடிப்பாகத்தைப் புழு அரியாதவாறு காக்கும் செப்புத் தகடுகளுக்கு அக்காலத்தில் பெருந்தேவை இருந்தது. மேற்பரப்பின் அருகே கிடைத்த கனி முடிந்ததும் இச்சிறப்புக் குன்றியது. சுரங்க நீரைக் குட்டைகளில் தேக்கி, அதிற் பழைய இரும்பை இட்டனர். இரும்பு கரைய, நீரிற் கலந்திருந்த செம்பு படிந்தது. இவ்வாறு கழிநீரும் பயன் தந்தது.

எடுத்து முடிந்த மலையில் மீண்டும் தேடுவது ஏன்? முன்னோர் கைக்கெட்டிய கனியையே எடுத்தனர். ஆழத்தே இருப்பதைக் காணும் கருவியும், ஊறும் நீரை முற்றும் இறைக்கும் ஆற்றலும் அவர்கட்கு இல்லை. மேலும், பல கோடி ஆண்டுகட்கு முன் கடலடியில் எழுந்த வெந்நீர் ஊற்றுகள் படியவிட்டவையே இக்கனிப்படிவுகள். அத்தகைய ஊற்றுகள் ஓரிடத்திற் பலவாகத் தோன்றுவது இயல்பு. ஆதலின் ஒரு படிவு உள்ள இடத்தின் அயலே வேறொன்றும் மறைந்திருத்தல் கூடும்.

தேடுவோர் முதற்கண் மண்ணின் நிறத்தையும் பாறையின் சாய்வையும் ஆராய்ந்து நிலப்படம் வரைவர். மண்ணை எடுத்துச் செம்பின் அளவைச் சோதிப்பர். நிலத்தில் மின்சாரத்தைச் செலுத்தி, அது பாயும் தன்மையை அளப்பர். ஐயம் நீங்க, வைரம் பதித்த துரப்பணத்தால் ஆழத் துளைத்து, பாறையை நீண்ட தண்டாக வெளிக்கொணர்வர். அத்தண்டைப் பிளந்து நோக்கினால், எவ்வாழத்தில் எவ்வளவு கனி உளது என்பது புலனாகும்.

பாரிஸ் மலையில் இம்முறையே துளைத்தோர் துத்தநாகம், செம்பு, ஈயம் ஆகியவற்றோடு சிறிதளவு வெள்ளியும் பொன்னும் ஆழத்தில் இருக்கக் கண்டனர். 1988 முதல் 1990 வரை ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்திற்கு ஒரு செங்குத்துக் குழியும் தோண்டினர். எனினும் உலகச் சந்தையில் உலோக விலை வீழ்ந்தமையாற் பணி நின்றது. அதன்பின் முப்பது ஆண்டுகள் கடந்தும் பெருமளவில் அகழ்வு தொடங்கவில்லை. கனி இருத்தல் வேறு. எடுக்கும் செலவிற்கு அது ஈடாதல் வேறு.

இன்னுமொன்றும் எண்ணத்தக்கது. பழஞ்சுரங்கத்துள் காற்றும் நீரும் கந்தகக் கனிகளோடு கூடி அமிலத்தை விளைவிக்கின்றன. மலையடியில் ஓடும் ஆற்றிற்குச் சிவப்பாறு என்றே பெயர். அந்நீர் உலோகங்களைக் கடலிற் சேர்க்கின்றது. சுரங்கத்துள் அமில நீரைத் தடுத்து நின்ற பழைய அணை உடையின் அம்லுக் ஊர் அழியும் என அஞ்சி, 2003ஆம் ஆண்டில் அந்நீரை இறைத்து வெளியேற்றினர். முன்னோர் விட்டுச்சென்ற செல்வத்தைத் தேடுவோர், அவர் விட்டுச்சென்ற தீங்கையும் உடன் காண்கின்றனர். மண்ணிலிருந்து எடுப்பதற்கு முன் அம்மண்ணிற்கும் நீருக்கும் செய்ய வேண்டுவதை எண்ணுதலே அறிவுடைமையாகும்.