பட்டறையில் வண்ணத்தின் பயன்

கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் வெகுளிப் பொருளை உணர்த்தும் என்றும், நிறத்தை உணர்த்துதற்கும் அவை உரியன என்றும் தொல்காப்பிய உரியியல் கூறும். நிறப்பெயர் நிறத்தோடு நில்லாது பிறிதொன்றனையும் குறிக்கும் என்பது இதனாற் புலனாகும். சொல்லிற் காணும் இவ்வியல்பு இயந்திரப் பட்டறையின் வண்ணங்களிலும் உண்டு. தொழிற்பயிற்சி மாணவர்க்குரிய தமிழ்க் கையேடு ஒன்றனைத் திருத்தும் பணி எமக்கு வாய்த்தபோது இதனை அறிந்தோம். அக்கையேட்டில், ‘வாயு சிலிண்டரை நிறம் பார்த்து எடுத்துக்கொள்க’ என ஒரு தொடர் இருந்தது. மொழி வகையால் அதிற் பிழை இல்லை. ஆயினும் அத்தொடர் உயிருக்கு ஊறு விளைக்கவல்லது. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

பட்டறையில் வண்ணம் இரு தொழில் புரிகின்றது. ஒன்று காட்டுதல், மற்றொன்று சொல்லுதல்.

முதற்கண் காட்டுதலை நோக்குவோம். கடைசற்பொறியின் முன் நிற்பவர் நாள் முழுதும் சிறியதொரு வெட்டுமுனையையே உற்று நோக்குகின்றார். முன்னாளிற் பொறிகளுக்குக் கறுப்போ கருஞ்சாம்பலோ பூசுதல் பெருவழக்கு. அழுக்குத் தெரியாது என்பது அதற்குக் கூறப்பட்ட நன்மை. உண்மையில் அதுவே குறையாம். கருநிறம் ஒளியை விழுங்குதலின், வெட்டுமுனையும் இரும்புத் துண்டும் பொறியினின்று பிரிந்து தோன்றா. கரிய பொறியினின்று வெண்சுவரை நோக்குங்கால் கண்மணி சுருங்கும். மீண்டும் பொறியை நோக்குங்கால் விரியும். ஒரு நாளிற் பன்முறை இவ்வாறு நிகழின் கண் அயர்ச்சியுறும். அயர்ந்த கண்ணுடையார் கை தவறுதல் எளிது. மேலும், எண்ணெய்க் கசிவு கறுப்பிற் புலப்படாது. வெளிர்நிறத்தில் உடனே புலப்படும்.

இவ்வுண்மை மருத்துவமனையில் முன்னரே உணரப்பட்டது. 1914இல் சான் பிரான்சிசுகோ நகரின் அறுவை மருத்துவர் ஹாரி செர்மன் என்பார், வெண்ணிற அறையின் கூசொளியைத் தவிர்க்கத் தம் அறுவை அறைக்குப் பச்சை வண்ணத்தை மேற்கொண்டார். குருதியின் செந்நிறத்தை நெடிது நோக்கிய கண், வெண்சுவரைக் காணும்போது பச்சைநிறப் போலித் தோற்றம் ஒன்றனைக் காணும். சுவரே பச்சையாயின் அத்தோற்றம் இடர் செய்யாது. பின்னர், அமெரிக்க வண்ண வல்லுநர் ஃபேபர் பிரென் (1900–1988) இத்தகைய கருத்துகளைத் தொழிற்சாலைகளிற் பரவச் செய்தார். சுவருக்கு மென்பச்சையும் பொறிக்கு வெளிர்சாம்பலும் கூரைக்கு வெண்மையும் பல இடங்களில் வழக்கிற்கு வந்தன. பச்சை மனத்திற்கு அமைதி தரும் என்று அந்நாளிற் கூறப்பட்டதற்குப் பிற்கால ஆய்வுகள் உறுதியான சான்று தந்தில. ஒளி, கண் ஆகியவற்றின் இயல்பு பற்றிய பகுதியே நிலைபெற்றது.

இனிச் சொல்லுதலை நோக்குவோம். 1945இல் அமெரிக்காவிற் பாதுகாப்பு வண்ண நெறி ஒன்று வகுக்கப்பட்டது. தீயணைப்புக் கருவிக்கும் நிறுத்தும் பொத்தானுக்கும் சிவப்பு. இடறி விழத்தக்க இடத்திற்கு மஞ்சள். கையை நசுக்கத்தக்க பொறியுறுப்பிற்குக் காவிமஞ்சள். முதலுதவிக்குப் பச்சை எனப் பொருள் வகுத்தனர். இன்றும் அவசர நிறுத்தப் பொத்தான் மஞ்சட் பின்புலத்திற் சிவப்பாக அமைகின்றது.

காட்டும் வண்ணத்திற்குக் கண்ணின் இயல்பே காரணம். சொல்லும் வண்ணமோ பெரும்பாலும் நம் இலக்கணத்தார் கூறும் இடுகுறி போல்வது. பலர் உடன்பட்ட அளவிலேயே அதற்குப் பொருள் உண்டு. உடன்பாடு மாறின் பொருளும் மாறும். வாயு சிலிண்டரே இதற்குத் தக்க சான்று. இந்தியாவில் ஆக்சிசன் சிலிண்டரின் உடல் கறுப்பு. அமெரிக்க மருத்துவச் சிலிண்டர் முறையில் ஆக்சிசனுக்குப் பச்சை. கறுப்போ நைட்ரசனுக்கு உரியது. குளிர்பதனப் பொறியின் குழாயிற் கசிவு உண்டா எனச் சோதிப்போர் நைட்ரசனைச் செலுத்துவர். ஒரு முறையைக் கற்று மற்றொரு முறை வழங்கும் இடத்திற் பணிபுரியும் ஒருவர், கறுப்பை நம்பி ஆக்சிசனைச் செலுத்துவாராயின், உள்ளிருக்கும் எண்ணெயோடு அது கூடி வெடித்தல் கூடும். ‘நிறம் பார்த்து எடுத்துக்கொள்க’ என்னும் தொடரின் தீங்கு இதுவே.

வேறு இரு செய்திகளும் கருதத்தக்கன. சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காணவியலாத கண்ணுடையார், சிறப்பாக ஆடவருள், சிலர் உளர். அவர்க்கு நிறம் மட்டும் எதனையும் சொல்லாது. ஆகவேதான் எச்சரிக்கைப் பலகைகளில் நிறத்தோடு வட்டம், முக்கோணம் முதலிய வடிவங்களும் சேர்க்கப்படுகின்றன. மற்றொன்று, ஆயுத பூசைக்கு முன்னர்ப் பொறிகளைத் துடைத்துப் புதுவண்ணம் பூசும் நம் நாட்டு வழக்கம். போற்றத்தக்க வழக்கமே அது. ஆனால் ஒரே தூரிகையால் ஒரே வண்ணத்தை மஞ்சள் விளிம்பின் மீதும் சிவப்புப் பொத்தானின் மீதும் பெயர்த்தகட்டின் மீதும் இழுத்துவிட்டால், பொறி பொலிவு பெறும். அது சொல்லிவந்த செய்தியோ அழிந்துபடும். எழுத்து அழிந்த கல்வெட்டால் வரலாறே கெடும். ஈண்டோ கையோ உயிரோ கெடும்.

ஆதலின், காட்டும் வண்ணத்தைக் கண்ணறிந்து தேர்க; சொல்லும் வண்ணத்தைப் பெயரோடும் வடிவத்தோடும் சேர்த்தே வழங்குக என்பது எம் துணிபு. கையேட்டின் அத்தொடரை யாம் பின்வருமாறு திருத்தினோம்: ‘சிலிண்டரின் மீது எழுதியுள்ள வாயுவின் பெயரை முதலிற் படிக்க, பின்னர் நிறத்தை ஒத்துப்பார்க்க, பெயர் அழிந்திருப்பின் அதனைப் பயன்படுத்தாது ஒதுக்கி வைக்க.’