நாசகாரிக் கப்பல்களும் நம் காஞ்சன்பாக்கும்

அமீர்பேட்டில் குடியிருக்கும் நமக்குக் கடல் என்பது, விடுமுறையில் சென்னைக்குப் போனால் மெரீனாவில் பார்த்துவிட்டு வருவது. ஆனால் இந்தியக் கடற்படையின் பெரிய போர்க்கப்பல்களுக்கும், கடலே இல்லாத இந்த ஊருக்கும் நெருங்கிய உறவு உண்டு.

'டெஸ்ட்ராயர்' என்பதை நம் பத்திரிகைகள் நாசகாரிக் கப்பல் என்று தமிழாக்கின. பெயர் பயமுறுத்துகிறது, பிறந்த கதையோ வேறு. டார்பிடோ ஏந்திய சிறு படகுகள் பெரிய கப்பல்களையே மூழ்கடித்துவிடும் என்ற அச்சம் எழுந்தபோது, அவற்றை விரட்டி அழிப்பதற்கென்று 1890களில் பிரிட்டன் கட்டிய வேகக் கப்பல்தான் இது. (1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன் இந்த வகை அல்ல, குரூசர். "அவன் பெரிய எம்டன்" என்று நம் பாட்டிமார் சொன்னது அதை வைத்துத்தான்.)

சுதந்திர இந்தியா 1949இல் மூன்று பழைய நாசகாரிகளைப் பிரிட்டனிடம் வாங்கி ராஜ்புத், ராணா, ரஞ்சித் என்று பெயரிட்டது. மூன்றுமே இரண்டாம் உலகப் போரில் ஓடிக் களைத்தவை. ஆனாலும் 1971 டிசம்பரில் பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியபோது அங்கே வெடிகுண்டு வீசியது அந்தக் கிழட்டு ராஜ்புத்தான். காஜி தன் உள்வெடிப்பாலேயே மூழ்கியது என்கிறது பாகிஸ்தான். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

அடுத்த தலைமுறை சோவியத் யூனியனிலிருந்து வந்தது. உக்ரேனின் நிகோலாயேவ் நகரில் கட்டிய புதிய ராஜ்புத் 1980இல் சேர்ந்து, 2021 மே 21 அன்று ஓய்வு பெற்றது. பிரமோஸ் ஏவுகணையைக் கப்பலிலிருந்து செலுத்திச் சோதித்ததும் அதில்தான்.

பிறகு நாமே கட்டத் துணிந்தோம். மும்பை மசகான் கப்பல் தளத்தில் 1987இல் அடித்தளமிட்ட டில்லி, 1997 நவம்பரில்தான் படையில் சேர்ந்தது. பத்து ஆண்டுகள்! நடுவில் சோவியத் யூனியன் உடைந்து, வர வேண்டிய சாமான்கள் தாமதப்பட்டன. பிறரை நம்பினால் என்ன ஆகும் என்பது அப்போது உறைத்தது.

காஞ்சன்பாக் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். போர்க்கப்பலின் உடலுக்குக் கண்ட இரும்பு உதவாது. அலையிலும் வெடியதிர்விலும் நெளியலாம், விரிசல் விடக்கூடாது. வெல்டிங் செய்த இடமும் தகட்டைப் போலவே தாங்க வேண்டும். இத்தகைய எஃகை ரஷ்யாவிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். விமானந்தாங்கி விக்ராந்துக்கு அது நேரத்தில் கிடைக்காமல் வேலை தடைப்பட்டது. காஞ்சன்பாக்கிலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடம் உருவாக்கிய டி.எம்.ஆர். 249ஏ என்ற எஃகைச் 'செயில்' ஆலைகள் உருக்கித் தந்தன. 2021இல் சேர்ந்த விசாகப்பட்டினம் நாசகாரியின் உடலும் அந்த எஃகுதான்.

ஏவுகணைகளும் அப்படியே. ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம் 1982இல் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஆய்வுக்கூடம் இருப்பதும் காஞ்சன்பாக்கில்தான். பிரமோஸை ஒருங்கிணைக்கும் கூடமும் ஹைதராபாத்தில் உண்டு.

நம் ஊர்ப் பெயர் தாங்கிய ஐ.என்.எஸ். சென்னை 2016 நவம்பர் 21 அன்று சேவைக்கு வந்தது. நீளம் 164 மீட்டர், எடை சுமார் 7,500 டன், 16 பிரமோஸ் ஏவுகணைகள். 2024 ஜனவரியில் சோமாலியாவுக்கு அப்பால் கடத்தல்காரர் ஏறிய 'லீலா நார்ஃபோக்' சரக்குக் கப்பலை நோக்கி விரைந்தது இதுதான். 15 இந்தியர் உட்பட 21 பேரும் பத்திரமாக மீண்டார்கள். ஸ்வீடன் போன்ற நாடு, தீவுகள் நெருங்கிய பால்டிக் கடலுக்குச் சிறு படகுகள் போதும் என்று தன் நாசகாரிகளை 1980களில் கைவிட்டது. அரபிக்கடலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எஃகு பிரச்சினை தீர்ந்தது. எஞ்சின் பிரச்சினை தீரவில்லை. சென்னையையும் விசாகப்பட்டினத்தையும் ஓட்டும் வாயுச் சுழலிகள், பழைய ராஜ்புத் பிறந்த அதே நிகோலாயேவ் நகரத்துத் தொழிற்சாலையில் செய்தவை. 2022 முதல் அந்த நகரின்மேல் குண்டுகள் விழுந்திருக்கின்றன.