உயர்த்திய வாகனம் ஏன் நடுங்குகிறது?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, தாராபுரத்து மக்களும் வீடு வாசலை விட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். 2009இல் போர் முடிந்தபின் பலர் திரும்பி வந்தனர். பிள்ளைகளின் படிப்பை எண்ணி, இன்றும் புத்தளத்தில் ஒரு வீடும் இங்கே ஒரு வீடுமாக வாழும் குடும்பங்கள் உண்டு. இத்தகைய குடும்பத்துக்கு வாகனம் ஆடம்பரமல்ல. விதை நெல்லும் உரமும் வயலுக்குப் போவதும், அறுத்த நெல் வீட்டுக்கு வருவதும், நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதனால்தான்.

எமக்குத் தெரிந்த சில குடும்பங்கள் கடன் எடுத்து, பழைய பிக்கப் ஒன்றைக் கூட்டாக வாங்கின. அவர்களுடைய காணிகள் பெருநிலப்பரப்பில், கட்டுக்கரைக் குளத்தின் கீழே இருக்கின்றன. பெரும்போக மழையில் வயற்பாதை சேறாகி, வாகனத்தின் அடிப்பாகம் மேட்டில் தட்டியது. ஆகவே ஒரு கராஜில் கொடுத்து, பின்பக்கத்தை மூன்று அங்குலம் உயர்த்தினார்கள். சேற்றில் வாகனம் நன்றாக ஓடியது. ஆனால் தலைமன்னார் வீதியில் ஐம்பது கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியதும் இருக்கை நடுங்கத் தொடங்கியது. மூன்று தடவை சில்லு பலன்ஸ் செய்தார்கள். இரண்டு புது ரயர் போட்டார்கள். கடன் தவணைக்கு வைத்த பணம் அதிலே கரைந்தது. நடுக்கம் மட்டும் போகவில்லை. "ஃபாதர், வித்துப்போடலாமா?" என்று வாகனமோட்டும் நானா ஒருநாள் வந்து கேட்டார். விற்க வேண்டியிருக்கவில்லை. நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் ஒழுங்காகத் தேடவில்லை, அவ்வளவுதான். அந்தத் தேடலை எப்படிச் செய்வது என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

காசு செலவில்லாத சோதனைகள்

முதலில் சில்லைப் பாருங்கள். வயற்சேறு றிம்மின் உட்பக்கத்தில் காய்ந்து ஒட்டியிருந்தால், அந்தப் பாரம் ஒன்றே வாகனத்தை நடுங்கச் செய்யும். நன்றாகக் கழுவுங்கள். சில்லு நட்டுகள் இறுக்கமா, காற்று சரியா, ரயரில் எங்காவது வீக்கம் உண்டா என்று பாருங்கள். உயர்த்தும்போது கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். முக்கியமாக, அச்சை ஸ்பிரிங்குடன் கட்டும் யூ போல்ட்டுகள் புதிதாகப் போட்ட முதல் நூறு கிலோமீற்றருக்குள் சற்றுத் தளரக்கூடும். அப்போது ஒரு தடவையும், ஐந்நூறு கிலோமீற்றரில் இன்னொரு தடவையும் இறுக்க வேண்டும். பழைய யூ போல்ட்டை மீண்டும் பாவிக்கக் கூடாது. ஒரு முறை இழுபட்ட மரை மறுபடி அதே பிடியைத் தராது. கடற்காற்றில் துருப்பிடித்ததென்றால் சொல்லவே வேண்டாம்.

அடுத்து, இருபுறமும் ஸ்பிரிங்கின் முன் கண்ணிலிருந்து அச்சின் நடுவரை நாடாவால் அளவுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால், ஸ்பிரிங் தகடுகளைக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் உடைந்து, அச்சு இடம் மாறியிருக்கலாம். இப்படியான வாகனம் நண்டுபோலப் பக்கவாட்டில் போகும். எந்த எலைன்மென்ட் செய்தாலும் இந்தக் குறை தீராது.

நடுக்கத்தின் மொழி

நடுக்கம் எங்கே தெரிகிறது? ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சில்லுகளையும் முன் இணைப்புகளையும் பாருங்கள். இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின் சில்லு அல்லது புரொப்பலர் சாஃப்ட்.

எவ்வளவு விரைவாக நடுங்குகிறது? மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 17 மீற்றர் ஓடுகிறது. ரயரின் சுற்றளவு 2.2 மீற்றர் என்றால், சில்லு செக்கனுக்கு ஏழெட்டுத் தடவை சுற்றும். பின் அச்சின் பற்சக்கர விகிதம் நான்குக்கு ஒன்று என்றால், சாஃப்ட் செக்கனுக்கு முப்பது தடவை சுற்றும். ஆகவே சில்லின் குறை எண்ணக்கூடிய உலுக்கலாக வரும். சாஃப்டின் குறை வண்டு இரைவதுபோல் வரும்.

என்ஜினா, சக்கரப் பக்கமா என்பதை அறிய, ஆளில்லாத நேரான வீதியில் நடுங்கும் வேகத்துக்கு வந்து கியரை நியூட்ரலுக்கு எடுங்கள். நடுக்கம் தொடர்ந்தால் என்ஜினில் பிழையில்லை. ஆனால் ஓடும் வாகனத்தில் என்ஜினை நிறுத்தக் கூடாது. பிரேக்கின் உதவி குறைந்துவிடும், சாவியைத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். அக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒருவிதமாகவும் விடும்போது வேறுவிதமாகவும் நடுங்கினால், சாஃப்டின் கோணத்தைச் சந்தேகியுங்கள். பாரத்துடன் புறப்படும்போது மட்டும் உதறினாலும் அப்படியே.

நாம் சொன்ன பிக்கப் வண்டுபோல் இரைந்தது. மிதித்தால் கூடியது. ஆகவே ரயருக்குச் செலவழித்த பணம் வீண்.

உயர்த்தினால் சாஃப்டுக்கு என்ன நேர்கிறது?

கியர் பெட்டி வாகனத்தின் உடலோடு இருக்கிறது. பின் அச்சு நிலத்தோடு இருக்கிறது. உடலை உயர்த்தினால், இரண்டையும் இணைக்கும் சாஃப்ட் சரிவாகிறது. அதன் இரு முனைகளிலும் கிராஸ் எனப்படும் சிலுவை வடிவ மூட்டு இருக்கிறது. இந்த மூட்டு கோணத்தில் சுற்றும்போது ஒரே வேகத்தில் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரு தடவை விரைந்து, இரு தடவை தயங்கும். முன் மூட்டின் தயக்கத்தைப் பின் மூட்டு சரிசெய்ய வேண்டுமானால், இரண்டின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். சமமில்லாதபோது மிஞ்சிய தயக்கம் நடுக்கமாக உங்கள் இருக்கைக்கு வருகிறது.

இதை அளக்க ஒரு பாகைமானியும் தூக்குநூலும் போதும். கைத்தொலைபேசியிலுள்ள மட்டமானியும் உதவும். சமதரையில், வழமையான பாரத்துடன், வாகனம் தன் சில்லுகளிலேயே நிற்க வேண்டும். ஜாக்கில் தூக்கி அளந்தால் அளவு பிழைக்கும். சில்லுகளுக்குக் கல் வைத்து, ஹான்ட் பிரேக் போட்டு, என்ஜினை நிறுத்திவிட்டே கீழே போங்கள். கியர் பெட்டியின் முனை, சாஃப்ட், பின் அச்சின் மூக்கு ஆகிய மூன்றின் சரிவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிக்கப்பில் கியர் பெட்டி 3 பாகை, சாஃப்ட் 8½ பாகை, அச்சின் மூக்கு 6 பாகை. முன் மூட்டின் கோணம் 5½, பின் மூட்டின் கோணம் 2½. வித்தியாசம் 3 பாகை. ஒரு பாகைக்குள் இருக்க வேண்டியது மூன்றாகிவிட்டது. காரணமும் தெரிந்தது. உயர்த்தியவர் பின் ஸ்பிரிங்கின் கடைசி முனைக்கு நீண்ட சக்கிள் போட்டிருந்தார். அதனால் ஸ்பிரிங் சாய்ந்து, அச்சின் மூக்கும் மேலே திரும்பிவிட்டது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் இரும்பு ஆப்பு வைத்து மூக்கைப் பழைய சரிவுக்குத் திருப்புவது. அப்படிச் செய்தால் கோணங்கள் 5½க்கு 5½ எனச் சமமாகும். ஆனால் வேகமாக ஓடும் சாஃப்டுக்கு மூன்று பாகைக்குள் இருப்பதே நல்லது. ஐந்தரையில் கிராஸ் சூடாகி விரைவில் தேயும். மற்றது, உயரத்தைக் குறைப்பது. அவர்கள் நீண்ட சக்கிளைக் கழற்றிப் பழையதைப் போட்டு, ஒரு ஸ்பிரிங் தகடு மட்டும் சேர்த்து, உயரத்தை ஒன்றரை அங்குலமாக்கினார்கள். மூக்கு 3 பாகைக்குத் திரும்பியது, சாஃப்ட் 7 பாகைக்கு இறங்கியது. இரு மூட்டும் நான்கு பாகை. ஐம்பது, அறுபதில் ஓடும் பார வாகனத்துக்கு அது போதும். இரைச்சல் நின்றது.

சாஃப்டைக் கழற்றுமுன் இணைப்புகளில் சுண்ணக்கட்டியால் அடையாளமிடுங்கள். மாறிப் பூட்டினால் அதுவே புது நடுக்கமாகும். சாஃப்டின் வழுக்கும் பகுதி உயர்த்தியபின் அதிகம் வெளியே இழுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டத்தில் அது கழன்று முன்முனை நிலத்தில் குத்தினால், வாகனம் புரளக்கூடும். நடுவில் தாங்கும் பேரிங் உள்ள இரண்டு துண்டுச் சாஃப்டென்றால், அந்தத் தாங்கியையும் அளவுக்குத் தக்கபடி இறக்கவேண்டி வரும்.

முன் சில்லுகள்

முன்பக்கத்தையும் உயர்த்தியவர்கள் எலைன்மென்ட் செய்யாமல் ஓடக் கூடாது. ரயரைக் கையால் தடவிப் பாருங்கள். வாள் பல்போல் ஒரு திசையில் கரகரத்தால், சில்லுகள் உள்ளே அல்லது வெளியே அதிகம் திரும்பியிருக்கின்றன. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்தால், சில்லு சாய்ந்து நிற்கிறது. திருப்பியபின் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராமல் வாகனம் அலைந்தால், காஸ்டர் கோணம் குறைந்திருக்கலாம். முழு அச்சும் ஸ்பிரிங் தகடும் உள்ள வாகனத்தில் இதை ஆப்பால் திருத்தலாம். முறுக்குக் கம்பியுள்ள வாகனத்தில், கம்பியை இறுக்கி உயர்த்தும்போது உள் அச்சுகளின் கோணமும் கூடுகிறது. அவற்றின் ரப்பர் உறை கிழிந்தால் மணல் உள்ளே போய் மூட்டு கெடும்.

மறக்கக் கூடாதவை

பிரேக் குழாய் இழுபடுகிறதா என்று பாருங்கள். பல பிக்கப்களில் பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு அச்சோடு இணைந்திருக்கும். உயர்த்தினால் அது வாகனம் வெறுமையாக இருக்கிறதென்று கொண்டு, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதையும் சரிசெய்விக்க வேண்டும். முன் அச்சின்கீழ் கட்டை வைக்கக் கூடாது. பின்னாலும் கட்டைமேல் கட்டை அடுக்கக் கூடாது. முன்விளக்குகளைத் தாழ்த்துங்கள். இல்லாவிடில் எதிரே வருபவரின் கண் கூசும். செய்யும் மாற்றத்துக்கு அனுமதி வேண்டுமா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஒரு வார்த்தை. ஒன்றரை அங்குலத்தால் எல்லாத் தண்ணீரையும் கடக்க முடியாது. வெள்ளம் கூடிய நாளில் அந்தக் குடும்பங்கள் காத்திருக்கத்தான் வேண்டும். அதை அவர்கள் கூடிப் பேசி ஏற்றுக்கொண்டார்கள். உயர்ந்த வாகனம் இலகுவில் புரளும். அதன் பின்னால் நெல் மூட்டைமேல் பிள்ளைகளும் தாய்மாரும் இருந்து வருகிறார்கள். ஊரைவிட்டு வெறுங்கையோடு போய், இருபது வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் அவர்கள். அரை நாள் பிந்தினாலும் பத்திரமாக வீடு சேரட்டும்.

எனவே கராஜுக்குப் போகுமுன், எந்த வேகத்தில், எங்கே, எப்படி நடுங்குகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தாளைப் பார்க்கும் நல்ல மெக்கானிக், தேவையில்லாத சாமானை உங்கள் தலையில் கட்டமாட்டார்.