கேலிக்கு எத்தனை சொல்!

"மாமா, கேலிக்கு இங்கிலீஷில் என்ன?" என்று லக்ஷ்மிபாய் நகர்ப் பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். ஒன்றா, இரண்டா? 'டீஸ்' விளையாட்டுக் கிண்டல். 'மாக்' பரிகாசம். 'ஸ்கார்ன்' வெறுப்புக் கலந்த இளக்காரம். 'சர்காஸம்' குத்தல் பேச்சு. அதன் கிரேக்க மூலத்துக்குச் சதையைக் கிழிப்பது என்று பொருள்!

இந்த வரிசையில் ஒன்று மட்டும் நம்மிடமிருந்து போனது: 'பரையா'. எல்லோரும் ஒதுக்கியவர் என்ற பொருளில், ஆங்கிலத் தினசரிகள் நாடுகளுக்குக்கூட அடைமொழியாக்குகின்றன. அகராதிகள் காட்டும் மூலம் தமிழின் 'பறை'. பறை கொட்டியவர்களின் குலப்பெயரை உலகம் வசையாக்கிவிட்டது. அந்த இழிவைத் தொடங்கிவைத்தது நம் ஊர் வழக்கம்தானே?

பிள்ளைகள் கட்டுரையில் அதை எழுதினால் அடித்துத் திருத்துவதோடு விடாதீர்கள். காரணத்தையும் சொல்லுங்கள். வெளியூரில் வளரும் குழந்தைக்கு நாம் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?